கிரில் கதவில் ஒரு தாள்

சாரைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் என் ஜென்மத்தில் பார்த்ததில்லை. பல்லிக்குப் பயம், லிஃப்டுக்குப் பயம், குக்கர் விசிலுக்குப் பயம். கொரியர்காரன் மணி அடித்தால் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டு, கதவு ஓட்டை வழியாக ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத்தான் திறப்பார். அதற்குள் அவன் பார்சலை என்னிடம் கொடுத்துவிட்டுப் படியிறங்கியிருப்பான். வாங்கிக்கொள்ள வரும்போது, "திருடனா இருந்தா என்னம்மா பண்றது?" என்பார். "திருடன் பெல் அடிச்சுகினா சார் வருவான்?" என்பேன். அதையும் நின்று யோசிப்பார், பாவம்.

செம்பாக்கத்தில் எங்கள் அடுக்குமாடியின் இரண்டாவது மாடியில் எதிரும் புதிருமாக இரண்டே வீடுகள். நான் வாசலை ஒட்டித் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைக்கிறவள். தலையைத் தூக்கினால் அவர் வீட்டுக் கிரில் கதவுதான் தெரியும். ஆறு வருடம் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டே ஊசி கோத்திருக்கிறேன். அவர் பேரை இங்கே எழுதப்போவதில்லை. நான் ஒருநாளும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. எனக்கு அவர் சார், அவருக்கு நான் எதிர் வீட்டம்மா.

தினமும் காலை ஏழு மணிக்குள் அந்தக் கதவில் ஒரு தாள் தொங்கும். தினசரிக் காலண்டரில் நேற்றைய தாளைக் கிழிப்பார். அதன் முதுகில் இன்றைக்குச் செய்யவேண்டிய வேலைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுவார். துணி காயப்போடுகிற கிளிப்பால் அதைக் கம்பியில் மாட்டிவிடுவார். ஒவ்வொரு வேலை முடிந்ததும் வந்து டிக் போடுவார். எல்லாம் முடிந்த தாளை உள்ளே கொண்டுபோய், மளிகைக் கடையில் பில் குத்தி வைப்பார்களே, அந்த மாதிரி ஒரு கொக்கிக் கம்பியில் குத்திவிடுவார்.

அவர் மனைவி தவறிப்போன புதிதில்தான் அந்தத் தாளை முதன்முதலாகப் படித்தேன். எழுந்திரு. பல் தேய். தண்ணீர் குடி. அடுப்பைப் பற்ற வை. அணை. கடைசியில் கோடு போட்டு, அவ்வளவுதான் என்று எழுதியிருந்தது.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "இன்னா சார் இது, எழுந்துக்கறதுக்கெல்லாமா லிஸ்ட்டு? எழுந்தாத்தானே லிஸ்ட்டே எழுத முடியும்?" என்று கேட்டுவிட்டேன்.

"அதுக்குத்தாம்மா. எழுதும்போதே ஒண்ணு முடிஞ்சிருக்கும், உடனே டிக் போட்டுடலாம். ஒண்ணுமே முடியாம ஆரம்பிக்க எனக்கு பயம்."

"சரி, அடுப்பைப் பத்த வெச்சி எதுக்கு அணைக்கறீங்க? மேல ஒண்ணும் வெக்கலியா?"

"வைக்கறது நாளைக்கும்மா" என்றார்.

அறுபத்தாறு வயதுவரை அந்த மனிதர் அடுப்புப் பக்கமே போனதில்லை. ரயில்வேயில் வேலை, வேலை விட்டால் வீடு, வீட்டில் அந்த அம்மா எல்லாவற்றையும் கையில் கொண்டுவந்து கொடுத்துப் பழக்கிவிட்டார்கள். அவர்கள் போனதும் மனிதர் கேஸ் அடுப்பைப் பாம்பு மாதிரிப் பார்த்தார். இரண்டு நாள் பற்றவைத்து அணைத்தார். மூன்றாம் நாள் வெறும் தண்ணீர் காய்ச்சினார். பத்தாம் நாள் டீ. பொங்கலுக்கு முன்னால் ஒரு கிண்ணத்தில் வத்தக்குழம்பு கொண்டுவந்து என் மெஷின் மேலேயே வைத்துவிட்டு, நான் வாயில் வைக்கிறவரை அசையாமல் நின்றார். உப்பு தூக்கல். சொன்னேன். மறுநாள் தாளில் 'உப்பு பாதி' என்று ஒரு வரி இருந்தது.

"பயமா இருக்கற வேலையை முழுசா பாக்கக் கூடாதும்மா" என்று அடிக்கடி சொல்வார். "வெண்டைக்காய் மாதிரி நறுக்கிடணும். ஒரு துண்டைப் பாத்து யாராவது பயப்படுவாங்களா?"

அவர் நறுக்கியதிலேயே பெரிய வேலை எங்கள் ஏரிதான். சாரும் அவர் மனைவியும் முன்னே முடிச்சூரில் தனி வீட்டில் இருந்தவர்கள். வெள்ளம் வந்த வருடம் இரண்டு நாள் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்களாம். அந்த வீட்டை விற்றுவிட்டு, தண்ணீர் ஏறாத இரண்டாவது மாடியாகப் பார்த்து இங்கே வந்தார்கள். வந்த இடத்தில் நாலு தெரு தள்ளி ஏரி! அன்றிலிருந்து அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர், டாக்டர் நடக்கச் சொன்னார் என்று ஒருநாள் தாளில் எழுதினார்: ஏரிக்கரை, முதல் விளக்குக் கம்பம் வரை. அவ்வளவுதான்.

ஒரு கம்பத்துக்கு ஒரு நாள் என்று கணக்கு. ஆறாவது கம்பம் வரை மளமளவென்று போய்விட்டார். ஏழாவதில் புதர் முடிந்து தண்ணீர் கண்ணுக்குத் தெரிந்துவிடும். பதினோரு நாள் தாளில் 'ஆறாவது கம்பம்' என்றே இருந்தது. பன்னிரண்டாவது நாள் என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். ஏழாவது கம்பத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தார். "இவ்ளோ தூரம் வந்துட்டோம், வாங்க சார், எட்டாவதையும் பாத்துட்டுப் போயிடலாம்" என்றேன். "இன்னிக்கி ஏழுதாம்மா" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று திரும்பி நடந்தார். கடைசி மதகு வரை போய் அதைக் கையால் தொட்டுவிட்டு வரவேண்டும் என்பது அவர் ஆசை.

பூனாவில் இருக்கிற அவர் பெண்ணுக்கோ, அப்பா தனியாக இருக்கிறாரே என்று தினமும் நெஞ்சில் தீ. கூடவே வந்துவிடச் சொல்லி மன்றாடினாள். இவர் மாட்டேன் என்றார். கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். ஏழு மணிக்குள் கதவில் தாள் தொங்க வேண்டும், அதை நான் போனில் படம் எடுத்து அவளுக்கு அனுப்ப வேண்டும். தாள் தொங்குகிறவரை அவர் அவர் வீட்டில். தாளில் ஏதாவது கோளாறு தெரிந்தால் மறுபேச்சில்லாமல் பூனா. மாற்றுச் சாவியை என் கையில் கொடுத்து, "ஆன்ட்டி, உங்களை நம்பித்தான்" என்றாள். பெருமையாக வாங்கிக்கொண்டேன். அன்றோடு என் தூக்கம் போயிற்று.

ஆறரைக்கே என் கண் அந்தக் கதவுக்குப் போய்விடும். ஆறேமுக்காலுக்கும் கம்பி வெறுமையாக இருந்தால் மெஷினில் கை ஓடாது. ஒருநாள் ஏழு இருபது ஆகியும் தாள் இல்லை. மணி அடித்தேன், கதவைத் தட்டினேன், குரல் இல்லை. மாற்றுச் சாவியைத் துவாரத்தில் நுழைக்க எனக்கு மூன்று தடவை தவறியது. ஊசிக் காதில் நூலை ஒரே தடவையில் நுழைக்கிற கை! உள்ளே போனால் குளியலறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சார் சிலைபோல் நிற்கிறார். நிலைப்படியில் ஒரு பல்லி.

"முக்கால் மணி நேரமா போக மாட்டேங்குதும்மா" என்றார்.

"வாயைத் தொறந்து கூப்புட வேண்டியதுதானே சார்? உயிரே போச்சு எனக்கு!"

"கத்தினா மேல விழுந்துடுமோன்னு பயம்" என்றார். துடைப்பத்தால் பல்லியை விரட்டிவிட்டு என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து அழுதேன். எதற்கு அழுதேன் என்று அவருக்குத் தெரியாது.

தெரியாததற்குக் காரணம், என் அம்மாவைப் பற்றி நான் அவரிடம் சொன்னதில்லை. என் அம்மாவுக்குப் புத்தி தடுமாற ஆரம்பித்தது கிழமையில்தான். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் இன்றைக்கு ஞாயிறு என்று சொல்லி மீன் வாங்கிவரக் கிளம்பினாள். நாங்கள் சிரித்தோம். அடுத்த வருடம் என் பேர் அவளுக்குத் தெரியவில்லை. அதற்கடுத்த வருடம் வீட்டைவிட்டுப் போய், இரண்டு நாள் தேடி, தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு தூணுக்குப் பின்னாலிருந்து கூட்டிக்கொண்டு வந்தோம். "எதுத்துப் பேசாதீங்க, அவங்க என்ன சொன்னாலும் ஆமான்னு சொல்லிட்டுப் போங்க" என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நானும் அவள் கண் மூடுகிறவரை ஆமாம் போட்டேன். அந்த ஆமாம் என் நாக்கில் அப்படியே தங்கிவிட்டது.

போன மழைக்காலத்தில் ஒரு வாரம் விடாமல் பெய்தது. சுவரெல்லாம் ஓதம் ஏறி ஈரம். வெள்ளிக்கிழமை காலை, தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு குளிக்கக் கிளம்பினேன். குளிப்பதற்கு முன்னால் படத்தை எடுத்து அனுப்பிவிடலாம் என்று போனோடு வெளியே வந்தேன். எதிரே சார் தாளை மாட்டிக்கொண்டு நிற்கிறார். அவர் தலையிலும் எண்ணெய் வழிகிறது.

வெள்ளிக்கிழமை பெண்கள் தலை முழுகுவோம். ஆண்களுக்குச் சனி. ஆறு வருடத்தில் சார் ஒரு சனிக்கிழமை தவறியதில்லை, வேறு கிழமையில் எண்ணெயைத் தொட்டதும் இல்லை. தாளைப் பார்த்தேன். மேலே கொட்டை எழுத்தில் 'சனி' என்று இருந்தது. இரண்டாவது வரி எண்ணெய்க் குளியல், மூன்றாவது வரி பெருமாள் கோயில்.

படம் எடுக்கத் தூக்கின போனைக் கீழே இறக்கினேன்.

"சார், இன்னிக்கி இன்னா கிழமை?"

"சனிக்கிழமைம்மா" என்றார். என் முகத்தில் என்ன பார்த்தாரோ, உடனே அவர் முகமும் மாறியது. "ஏம்மா? சனிதானே?"

பயந்து கேட்கிறார். இல்லை சார், வெள்ளி என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? எனக்கு அவர் தெரியவில்லை. மீன் கூடையோடு நின்ற என் அம்மா தெரிந்தாள்.

"ஆமா சார், சனிதான்" என்றேன்.

"அப்பாடா. ஒரு நிமிஷம் பயமுறுத்திட்டீங்க" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனார். நான் படத்தை எடுத்து அனுப்பினேன். கீழே, அப்பா இன்றைக்குச் சனிக்கிழமை என்கிறார், எனக்குப் பயமாக இருக்கிறது என்று எழுதினேன்.

மறுநாள் மத்தியானம் பெண் விமானம் பிடித்து வந்துவிட்டாள். அன்று சனி. சார் கதவைத் திறந்து அவளைப் பார்த்ததும் குழந்தைபோல ஆனார். "ஞாயித்துக்கிழமை போன்தானே பண்ணுவே, நேர்லயே வந்துட்டியே!" என்றார்.

அவள் பையைக் கீழே வைத்தாள். "அப்பா, இன்னிக்கி சனிக்கிழமைப்பா."

"நேத்துதாம்மா சனி. காலண்டரைப் பாரு." சுவரில் காலண்டர் ஞாயிறு காட்டியது. அவள் காலண்டரைப் பார்க்காமல் அவரையே பார்க்கவே, வாசலில் நின்ற என்னைக் கை காட்டினார். "எதிர் வீட்டம்மாவைக் கேளு. நேத்து அவங்களே சொன்னாங்களே, சனின்னு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். "நேத்து வெள்ளி சார்" என்றேன்.

அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. பல்லிக்கும் ஏரிக்கும் பயந்த முகத்தையெல்லாம் பார்த்திருக்கிறேன், அதில் எங்கேயாவது ஒரு மூலையில் அசட்டுச் சிரிப்பு இருக்கும். இதில் ஒன்றும் இல்லை. அவருக்கு அவர்மேலேயே பயம் வந்துவிட்டது. மெல்லச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மறந்துபோய் ஒரே நாளில் இரண்டு தடவை கிழித்திருக்கிறார் என்று முடிவாயிற்று. திங்கட்கிழமை தாம்பரத்தில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனோம். அவர் முதலில் கேட்டதே கிழமையைத்தான். சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு டாக்டரிடம், "தெரியலை சார்" என்றார். என்ன மாதம் என்பதற்கும் அதே பதில். எதைச் சொன்னாலும் தப்பாகிவிடுமோ என்று அவருக்குப் பயம். ஆரம்பமாக இருக்கலாம், தனியாக விடவேண்டாம் என்று டாக்டர் சொன்னார். புதன்கிழமை சார் பூனாவுக்குப் போய்விட்டார். ஏரியில் அவர் அதுவரை பத்தொன்பது கம்பம் முடித்திருந்தார்.

பெண்ணை நான் குறை சொல்லமாட்டேன், தங்கமான பெண். "அப்பாவுக்கு இங்க ஒரு வேலையும் இல்ல ஆன்ட்டி, எல்லாம் நாங்களே பாத்துக்கறோம். சும்மா உக்காந்திருக்கார். யாருகிட்டயும் போன்லகூட பேசறதில்ல" என்று பூனாவிலிருந்து போனில் சொன்னாள்.

மூன்று வாரம் கழித்து, அப்பாவின் பழைய மருந்துச் சீட்டு ஒன்று வேண்டும், தேடிப் படம் எடுத்து அனுப்புங்கள் என்று கேட்டாள். சார் வீட்டைத் திறந்து மேஜையில் தேடினேன், இல்லை. கொக்கிக் கம்பியில் இருக்குமோ என்று தாள்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். சனி என்று எழுதிய அந்தத் தாள் விரலில் பட்டதும் நிறுத்திவிட்டேன். மற்றதைவிடத் தடிமன். இருபத்தெட்டு வருடமாகத் துணியைத் தொடுகிற விரல் இது, ஒற்றைத் துணியா லைனிங் வைத்ததா என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடும். நகத்தால் ஓரத்தைக் கிளப்பினேன். சர்ரென்று இரண்டாகப் பிரிந்து வந்தது. மேலே வியாழன். அதன் அடியில் ஒட்டிக்கொண்டு வெள்ளி.

காலண்டர் மாட்டியிருந்த சுவரைத் தொட்டேன், அப்போதும் சில்லென்று இருந்தது. ஓதத்தில் இரண்டு தாளும் ஒட்டிப்போயிருக்கின்றன. மனிதர் ஒரே தடவைதான் கிழித்திருக்கிறார். அடியில் சனி இருந்தது, சனி என்று எழுதினார். சந்தேகம் வந்ததும் நியாயமாக என்னைத்தான் கேட்டார். அடிப்பாவி, நான் ஆமாம் போட்டேன்.

அந்த இரண்டு தாளையும் என் மெஷின் டிராயரில் வைத்து ஒரு வாரம் பூட்டி வைத்திருந்தேன். பெண்ணிடம் எப்படிச் சொல்வது? என் முகத்தில் காறித் துப்ப மாட்டாளா? சொல்லாமலே விட்டால், கோளாறே இல்லாத மனிதர் கோளாறு என்று நம்பிக்கொண்டே உட்கார்ந்து உட்கார்ந்து ஒருநாள் நிஜமாகவே ஆகிவிடமாட்டாரா? இந்த நினைப்பில் இரண்டு ரவிக்கைக்குக் கழுத்தைத் தப்பாக வெட்டிவிட்டேன். அப்புறம் ஒரு காலையில் என் வீட்டுக் காலண்டரைக் கிழித்து, ஒரே தாள்தானா என்று விரலால் இரண்டு தரம் தடவிப் பார்த்து, அதன் முதுகில் எழுதினேன். சார் நம்பரை எடு. பார். அவ்வளவுதான். கிளிப்பால் என் கதவில் மாட்டினேன்.

மறுநாள் தாளில், ஒரு ரிங், கட் பண்ணு என்று எழுதினேன். அதற்கடுத்த நாள் இரண்டு ரிங். நாலாம் நாள், பேசு என்று எழுதிவிட்டேனே தவிர, மத்தியானம் வரை டிக் போடவில்லை. மூன்று மணிக்குக் கண்ணை இறுக மூடிக்கொண்டு அழுத்தினேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"எதிர் வீட்டம்மாவா? நேத்து ரெண்டு ரிங், முந்தாநாள் ஒண்ணு. நறுக்கிப் போட்டிருக்கீங்கன்னு தெரிஞ்சுது. இன்னிக்கி பேசுவீங்கன்னு போனை மடியிலயே வெச்சிருந்தேன்."

இந்த மனிதருக்கா புத்தி தடுமாறிவிட்டது? ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். "சார், அன்னிக்கி வெள்ளிக்கிழமை. ரெண்டு தாளு ஒட்டிகினு இருந்துச்சு சார், நீங்க ஒருவாட்டிதான் கிழிச்சீங்க. எங்கம்மாவுக்கு வந்தா மாதிரி உங்களுக்கும் வந்துச்சுன்னு பயந்துகினு, வெள்ளின்னு தெரிஞ்சே சனின்னு சொன்னேன். தாளு எங்கிட்டதான் கீது. என்னை இன்னா வேணா திட்டுங்க சார்."

வைத்துவிட்டாரோ என்று பார்த்தேன், லைன் இருந்தது.

"அப்ப எனக்கு ஒண்ணும் இல்லியாம்மா?" என்றார்.

"ஒண்ணும் இல்ல சார்."

"நிஜமாவா சொல்றீங்க? ஆமாம் போடலியே?"

"எங்கம்மா மேல சத்தியமா சார்."

"ஒரு நிமிஷம் இருங்க, பேனா எடுத்துட்டு வர்றேன்" என்றார். போனைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. டிராயர்கள் திறந்து மூடின. ஒரு நிமிடம் ஆயிற்று, இரண்டு ஆயிற்று. டிராயர் சத்தமும் நின்றுவிட்டது. போன் இருக்கிறது என்பதையே மறந்துவிட்டாரோ? டாக்டர் சொன்னதுதான் சரியோ, நான்தான் தாளைப் பார்த்து ஏமாந்தேனோ? காதில் வைத்த போன் வியர்வையில் வழுக்கியது. நாலு நிமிடம் ஆகிவிட்டது.

"இங்க கிழிக்கற காலண்டரே இல்லம்மா" என்று குரல் வந்தது. "ஒரு தாள் கிடைக்க இவ்ளோ நேரம். சரி, எழுதிக்கறேன். பொண்ணுகிட்ட இதைச் சொல்லணும், ஊருக்குத் திரும்பி வரணும். நினைச்சாலே கை நடுங்குது. ரொம்பப் பெரிய வேலைம்மா. நீங்க நறுக்கிக் குடுங்க."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "ஒண்ணு, போனை எடுத்தாச்சு. டிக் போட்டுக்கங்க சார்."

"போட்டாச்சு."

"ரெண்டு, சாயந்திரம் பொண்ணு ஆபீஸ் விட்டு வந்ததும் பக்கத்துல போய் உக்காருங்க. ஒண்ணும் பேச வேணாம்."

பேனா காகிதத்தில் உரசும் சத்தம் கேட்டது. எழுதி முடிக்கிறவரை காத்திருந்தேன்.

"அப்புறம்?" என்றார்.

"மீதி நாளைக்கு சார். இன்னிக்கி அவ்ளோதான்."